தூரம் தெரியும், இடம் தெரியுமா?
விமான ரேடார் ஒரு பொருளின் இடத்தையும் உயரத்தையும் கண்டுபிடிக்கும் கதை



பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும் நாள்களில் நம் வகுப்பறைகளில் ஒரு விளையாட்டு நடக்கும். வெளியே மின்னல் வெட்டியதும் யாராவது ஒருவர் "ஒன்று, இரண்டு, மூன்று..." என்று எண்ணத் தொடங்குவார். இடி முழங்கியதும் நிறுத்துவார். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆறு வரை எண்ணியிருந்தால் மின்னல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று சொல்லிவிடலாம்.

இப்போது ஒரு கேள்வி. மின்னலைப் பார்க்காமல், இந்த எண்ணிக்கையை மட்டும் உங்களிடம் கொடுத்தால், மின்னல் எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்ல முடியுமா? திடலுக்கு அப்பாலா, பள்ளிக்குப் பின்புறமா, தலைக்கு மேலே மேகத்திலா? சொல்ல முடியாது. 2 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய பந்தின் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். அந்தப் பந்தின் பரப்பில் எந்தப் புள்ளியும் விடையாக இருக்கலாம்.

விமானத்தில் பொருத்தப்பட்ட ரேடாருக்கும் இதே சிக்கல்தான். அது ரேடியோ அலையை அனுப்புகிறது, திரும்பி வரும் எதிரலைக்காகக் காத்திருக்கிறது, நேரத்தை அளக்கிறது. நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். தூரம் மட்டும் இடமாகிவிடாது. ஒரு புள்ளியை முப்பரிமாணத்தில் குறிக்க மூன்று தகவல்கள் வேண்டும். ரேடார் அந்த மூன்றையும் எப்படிப் பெறுகிறது என்பதுதான் இந்த வாரப் பாடம்.

ஏன் ரேடார்?

விமானத்திலிருந்து கேமராவால் படம் எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வானம் தெளிவாக இருந்தால் போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அப்படிப்பட்ட நாள்கள் குறைவு. மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் டேரியன் வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எப்போதும் மேகம் மூடிய காட்டுப் பகுதி அது. பல ஆண்டுகள் முயன்றும் அதற்கு முழுமையான வான்படம் எடுக்க முடியவில்லை. 1967இல் பக்கவாட்டில் பார்க்கும் ரேடாரை விமானத்தில் ஏற்றிச் சென்றபோதுதான் அந்த வட்டாரத்தின் படம் கிடைத்தது. ரேடார் தானே அலையை அனுப்புவதால் அதற்குச் சூரிய ஒளி தேவையில்லை. அதன் அலைநீளம் பல சென்டிமீட்டர் இருப்பதால் மேகத்தின் நுண்துளிகள் அதை மறைப்பதில்லை. இரவும் மேகமும் புகைமூட்டமும் ரேடாருக்குத் தடையல்ல.

முதல் கேள்வி: எவ்வளவு தூரம்?

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், 300 மீட்டர்.

ஒரு விமானம் 8,000 மீட்டர் உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய அலை 66.7 மைக்ரோ விநாடிக்குப் பிறகு திரும்பி வருகிறது. 66.7 × 300 = ஏறத்தாழ 20,000 மீட்டர். இது போய் வந்த தூரம். ஆகவே பொருள் 10,000 மீட்டர் தொலைவில் உள்ளது. மின்னலைப் போலவே, 10,000 மீட்டர் ஆரமுள்ள பந்தின் மேல் அது எங்கோ இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: முன்னாலா, பின்னாலா?

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் ஒலி கூர்மையாகக் கேட்கும். கடந்து சென்றதும் ஒலி தாழ்ந்துவிடும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ரேடியோ அலைக்கும் இது பொருந்தும். விமானத்துக்கு முன்னால் உள்ள பொருளிலிருந்து வரும் எதிரலையின் அதிர்வெண் சற்று உயர்ந்திருக்கும். பின்னால் உள்ளதன் அதிர்வெண் சற்றுத் தாழ்ந்திருக்கும். நேர் பக்கவாட்டில் உள்ள பொருளுக்கு மாற்றம் இராது.

அந்த மாற்றம் எவ்வளவு சிறியது தெரியுமா? விமானத்தின் வேகம் விநாடிக்கு 200 மீட்டர், அலைநீளம் 5.6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 10,000 மீட்டர் தொலைவில், நேர் பக்கவாட்டிலிருந்து 100 மீட்டர் மட்டும் முன்னால் இருக்கும் ஒரு பாறை, அதிர்வெண்ணை ஏறத்தாழ 71 ஹெர்ட்ஸ் உயர்த்தும். அலையின் சொந்த அதிர்வெண்ணோ 530 கோடி ஹெர்ட்ஸுக்கும் மேல்! ஆனாலும் மின்னணுக் கருவிகளால் இந்த 71ஐப் பிடிக்க முடிகிறது.

1951இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி இதன் பயனை உணர்ந்தார். விமானம் பறந்துகொண்டே பல இடங்களிலிருந்து பெறும் எதிரலைகளைச் சேமித்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால், சிறிய ஆண்டெனா நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள பெரிய ஆண்டெனாவைப் போல் வேலை செய்யும். எஸ்ஏஆர் எனப்படும் இன்றைய படமெடுக்கும் ரேடார்களின் அடிப்படை இதுதான்.

இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்ததும் நம் பெரிய பந்து ஒரு வளையமாகச் சுருங்கிவிடுகிறது. விமானத்துக்கு நேர் பக்கவாட்டில், 10,000 மீட்டர் தொலைவில், மேலிருந்து கீழாக வளையும் ஒரு வட்டம். ரேடார் ஒரு பக்கம் மட்டுமே பார்க்கும்படி அமைக்கப்படுவதால் மறுபக்கத்துப் பாதியை விட்டுவிடலாம். நேர் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்ப்பதற்குக் காரணமும் இதுதான். நேர் கீழே பார்த்தால் இடப்பக்கத்து மரமும் வலப்பக்கத்து மரமும் ஒரே நேரத்தில் எதிரலை அனுப்பிக் குழப்பிவிடும்.

நடுவில் ஒரு தவறு

இங்கேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பித்தாகோரஸ் தேற்றத்தை வைத்துப் பார்ப்போம்.

தரை தட்டையானது என்று ரேடார் எண்ணிக்கொள்கிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10,000 மீட்டர்; செங்குத்துப் பக்கம் 8,000 மீட்டர். ஆகவே கிடைத்தூரம் 6,000 மீட்டர். படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறது.

உண்மையில் அந்த எதிரலை 500 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் உச்சியிலிருந்து வந்தது என்றால்? இப்போது செங்குத்துப் பக்கம் 8,000 − 500 = 7,500 மீட்டர். கிடைத்தூரம் ஏறத்தாழ 6,614 மீட்டர். படத்தில் குன்றின் உச்சி 614 மீட்டர் தள்ளி, தவறான இடத்தில் விழுந்துவிட்டது!

ரேடார் படங்களில் மலைகள் எல்லாம் விமானத்தை நோக்கிச் சாய்ந்து விழுந்தது போல் தெரிவதற்கு இதுவே காரணம். படம் கூர்மையாக இருக்கும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதை நம்பிச் சாலை போடுபவரோ, காணாமல் போனவரைத் தேடுபவரோ 600 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். தெளிவாகத் தெரிவதும் சரியான இடத்தில் தெரிவதும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். உயரம் தெரியாமல் இடம் சரியாகத் தெரியாது.

மூன்றாவது கேள்வி: எந்தக் கோணத்தில்?

கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். நண்பர் ஒருவர் வலப்பக்கம் நின்று கைதட்டினால், ஒலி வலப்பக்கம் இருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஒலி முதலில் வலக்காதுக்கும், ஒரு நொடிப்பொழுதுகூட இல்லாத இடைவெளியில் இடக்காதுக்கும் வருகிறது. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது.

ரேடாருக்கும் இரண்டு காதுகளைக் கொடுத்தால்? 1974இல் லெராய் கிரேஹாம் என்பவர், விமான ரேடாரில் இரண்டு ஆண்டெனாக்களைப் பயன்படுத்தி நிலத்தின் உயரத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவின் நாசா நிறுவனம் தன் டிசி-8 விமானத்தில் ஏர்சார் என்ற ரேடாரை இயக்கியது. அதில் விமானத்தின் பக்கவாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஏறத்தாழ 2.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்கள் இருந்தன.

ஓர் ஆண்டெனா அலையை அனுப்புகிறது. இரண்டும் எதிரலையைப் பெறுகின்றன. மேல் ஆண்டெனா தரையிலிருந்து சற்று அதிகத் தொலைவில் இருப்பதால் அலை அதற்குச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அந்தக் கூடுதல் பாதை எவ்வளவு என்று நம் எடுத்துக்காட்டிலேயே கணக்கிடலாம். ஆண்டெனா இடைவெளியைச் செங்குத்துப் பக்கத்தால் பெருக்கி, கர்ணத்தால் வகுத்தால் போதும்.

தட்டைத் தரை: 2.5 × 8,000 ÷ 10,000 = 2.000 மீட்டர்.
குன்றின் உச்சி: 2.5 × 7,500 ÷ 10,000 = 1.875 மீட்டர்.

வேறுபாடு 12.5 சென்டிமீட்டர். 500 மீட்டர் குன்று ஏற்படுத்தும் மாற்றம் இவ்வளவுதான். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.25 மில்லிமீட்டர்!

10 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கால் மில்லிமீட்டரை எப்படி அளப்பது? இங்கே அலையே அளவுகோலாகிறது. படிவம் நான்கு இயற்பியலில் அலைகளின் குறுக்கீட்டைப் படித்திருப்பீர்கள். இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கட்ட வேறுபாடு என்கிறோம். ஒரு முழு அலை என்பது 360 பாகை. நம் அலையின் நீளம் 56 மில்லிமீட்டர். எனவே 0.25 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 1.6 பாகை. அளக்கக்கூடிய அளவுதான்.

கட்ட வேறுபாடு கோணத்தைத் தருகிறது. கோணம், அந்த வளையத்தில் ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. பந்து வளையமாயிற்று, வளையம் புள்ளியாயிற்று. அந்தப் புள்ளிக்கு முன்பின் இடம், பக்கவாட்டுத் தூரம், உயரம் ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டன.

இரண்டு இடைஞ்சல்கள்

கணக்கு எளிதாகத் தோன்றலாம். நடைமுறையில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு.

முதலாவது, எண்ணிக்கை மறந்துபோதல். தட்டைத் தரைக்கான கூடுதல் பாதை 2 மீட்டர். அதில் 35 முழு அலைகளும் ஒரு பகுதி அலையும் அடங்கும். ஆனால் ரேடாருக்கு அந்தப் பகுதி அலை மட்டுமே தெரியும், 35 தெரியாது. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தைப் பார்ப்பது போன்றது இது. நிமிடம் 20 என்று தெரியும். மணி என்ன என்று தெரியாது. நம் எடுத்துக்காட்டில் உயரம் 224 மீட்டர் மாறும்போதெல்லாம் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். இதைத் தீர்க்க, உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கி, பக்கத்துப் புள்ளிக்கும் அதற்குப் பக்கத்துப் புள்ளிக்கும் நகர்ந்து, முள் எத்தனை முறை சுற்றியது என்று கணினி எண்ணிக்கொண்டே போகிறது. செங்குத்தான பாறைச் சுவர் குறுக்கே வந்தால் எண்ணிக்கை தவறக்கூடும்.

இரண்டாவது, விமானத்தின் ஆட்டம். இரண்டு ஆண்டெனாக்களையும் இணைக்கும் கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்தே கோணம் கணக்கிடப்படுகிறது. காற்றில் விமானம் சாய்ந்தால் அந்தக் கோடும் சாயும். நூறில் ஒரு பங்கு பாகை சாய்வைக் கவனிக்காமல் விட்டாலே, நம் எடுத்துக்காட்டில் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தவறிவிடும். ஆகவே விமானத்தின் இடத்தை ஜிபிஎஸ் மூலமும், அதன் சாய்வைச் சுழற்சி உணர்விகள் மூலமும் ஒவ்வொரு கணமும் பதிவு செய்கிறார்கள். கீழே உள்ள பொருளின் இடத்தைச் சொல்ல, முதலில் தான் எங்கே, எப்படி இருக்கிறோம் என்பது ரேடாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கோர்: ஒரு மீட்டரின் மதிப்பு

இத்தனை பாடு எதற்கு? நம் வட்டாரத்திலேயே விடை இருக்கிறது.

கம்போடியாவில் உள்ள அங்கோர், கெமர் பேரரசின் தலைநகராக விளங்கியது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் கோயிலை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். கற்கோயில்கள் நிலைத்து நின்றன. மக்கள் வாழ்ந்த மரவீடுகள் மக்கிப் போயின. மிஞ்சியவை தாழ்வான மண்மேடுகள், கரைகள், குளங்கள், வாய்க்கால்கள். அவற்றின் மேல் காடும் வயலும் பரவிவிட்டன. போர்க் காலத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளால் அங்கே நடந்து சென்று ஆராய்வதும் ஆபத்தாக இருந்தது.

1996 இறுதியில் ஏர்சார் ரேடாருடன் டிசி-8 விமானம் அங்கோர் மேல் பறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் மூர் அந்தப் படங்களை ஆராய்ந்தார். அங்கோர் வாட் கோயிலுக்கு வடகிழக்கே கபிலபுரா என்ற இடத்தில் உள்ள மேடுகளும் பழைய நீர்நிலைகளின் தடங்களும் அதில் தெரிந்தன. 2000இல் விமானம் மீண்டும் பறந்தது. டேமியன் எவன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ரேடார் தரவுகளையும் வான்படங்களையும் களஆய்வையும் சேர்த்து 2007இல் விரிவான வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவிய நகரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். அதுவரை பதிவாகாத 74 கோயில்களின் தடங்கள்.

இங்கே உயரம் ஏன் முக்கியம்? அங்கோர் நிலம் வடகிழக்கில் உள்ள குலேன் குன்றுகளிலிருந்து தென்மேற்கில் உள்ள தோன்லே சாப் ஏரியை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் நிலம். அங்கே ஓரிரு மீட்டர் உயர்வு தாழ்வுதான் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவு செய்கிறது. ஒரு கோடு கரையா, வாய்க்காலா, சாலையா என்று வெறும் படம் சொல்லாது, உயரம் சொல்லும். அந்த மக்கள் மழைநீரை எப்படித் தேக்கி, எப்படித் திருப்பினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மூன்றாவது பரிமாணம் தேவைப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே உண்டு. 5.6 சென்டிமீட்டர் அலை, அடர்ந்த காட்டில் இலைகளிலும் கிளைகளிலும் பட்டே திரும்பிவிடும். அது தரும் உயரம் பெரும்பாலும் மரத்தலைகளின் உயரமே, தரையின் உயரமன்று. ஏர்சாரில் ஏறத்தாழ 24, 68 சென்டிமீட்டர் அலைநீளங்களும் இருந்தன. நீண்ட அலைகள் இலைகளைக் கடந்து அடிமரம் வரையும் தரை வரையும் செல்லக்கூடியவை. எந்த அலையால் அளந்தோம் என்று தெரியாமல் உயரத்தைப் படிக்கக்கூடாது.

விண்வெளிக்கும் இதே பாடம்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் இதே முறையில் 11 நாள்களில் பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தை அளந்தது. அது 233 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியதால் 2.5 மீட்டர் இடைவெளி போதவில்லை. 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தை விண்வெளியில் நீட்டி, அதன் நுனியில் இரண்டாவது ஆண்டெனாவை வைத்தார்கள். தொலைவு கூடினால் காதுகளுக்கு இடையிலான இடைவெளியும் கூட வேண்டும்.

செய்து பாருங்கள்

வெண்பலகையின் அடிவிளிம்பைத் தரையாகக் கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர். அடியிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளியில் நூலின் முனையை ஒட்டுங்கள். நூலின் நீளம் 100 சென்டிமீட்டர். மறுமுனையில் பேனாவைக் கட்டி வளைவு வரையுங்கள். அது தரையை 60 சென்டிமீட்டரில் தொடும். 5 சென்டிமீட்டர் உயரக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று அளந்து பாருங்கள். 66 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஒரே நூல், இரண்டு விடைகள்!

இப்போது முதல் புள்ளிக்கு 20 சென்டிமீட்டர் மேலே இரண்டாவது புள்ளி வைத்து, அங்கிருந்து இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். தரைப்புள்ளிக்கு 116.6, குன்றின் உச்சிக்கு 115.8 சென்டிமீட்டர் வரும். இந்த 8 மில்லிமீட்டர்தான் எது சரியான விடை என்று காட்டிக்கொடுக்கிறது. அளவுப்படி உண்மையான இரண்டாவது ஆண்டெனாவை வரைய நினைத்தால், புள்ளிகளுக்கிடையே கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். உங்கள் பேனா முனையைவிடச் சிறியது அது.

சிந்திக்க இரண்டு கேள்விகள்

1. மேலே உள்ள எடுத்துக்காட்டில் குன்றின் உயரம் 200 மீட்டர் என்றால், தட்டைத் தரை என்று எண்ணி வரைந்த படத்தில் அதன் உச்சி எத்தனை மீட்டர் தள்ளி விழும்?

2. ஆண்டெனா இடைவெளியை 5 மீட்டராக்கினால் என்ன நன்மை? என்ன தொல்லை?

விடைகள்: (1) செங்குத்துப் பக்கம் 7,800 மீட்டர், கிடைத்தூரம் ஏறத்தாழ 6,258 மீட்டர், ஆகவே 258 மீட்டர் தள்ளி விழும். (2) ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.5 மில்லிமீட்டர் மாற்றம் கிடைப்பதால் உயரத்தை நுட்பமாக அளக்கலாம். ஆனால் 112 மீட்டருக்கு ஒருமுறையே முள் சுற்றி வந்துவிடும். எண்ணிக்கை எளிதில் தவறும்.

அடுத்த முறை மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும்போது, பள்ளியின் மறுகோடியில் இருக்கும் நண்பர் ஒருவரையும் எண்ணச் சொல்லுங்கள். இருவரின் விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு எதைச் சொல்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணுவதைக் கூரைக்குள் இருந்தே செய்யுங்கள், திடலில் வேண்டாம்!